எந்தக் கூரையின் மேல் நிழல்

என் அக்கா மாக்தெல்ட் கட்டிக்கொண்ட மனிதர் ஓவியர். ஹார்லெமில் அது பெரிய விஷயம் இல்லை. ரொட்டி சுடுகிறவர்களைவிட ஓவியர்கள் அதிகம் என்று சந்தையில் கேலி பேசுவார்கள். ஆனால் வைபிராண்ட் அத்தானுக்கு வானம் கைவந்திருந்தது. அவர் வரைகிற மரப்பலகையில் முக்கால் பங்கு வானத்துக்கே போய்விடும். கடல் பக்கத்திலிருந்து மேகங்கள் குவிந்து வரும். எங்கோ ஓரிடத்தில் கிழியும். அந்தக் கிழிசல் வழியாக வெயில் இறங்கி, கீழே ஒரே ஒரு வயல் மட்டும் பளீரென்று நிற்கும். சுற்றிலும் எல்லாம் மங்கிக் கிடக்கும். அந்த ஒரு துண்டு வெளிச்சத்துக்காகத்தான் ஜனங்கள் அவர் படத்தை வாங்கினார்கள். எனக்குப் படச்சட்டம் செய்கிற தொழில். அவர் வரைந்தது காய்ந்ததும் என் பட்டறைக்கு வரும். கறுப்புச் சாயம் ஏற்றிய சட்டம் போட்டுக் கொடுப்பேன்.

அத்தானுக்கு வாயும் கொஞ்சம் உண்டு. படம் பார்க்க வருகிறவர்களிடம் அர்த்தம் சொல்வார்.

"இந்தப் பட்ட மரம் இருக்கே, அது நாமதான். நேத்து இலை, இன்னிக்கு விறகு. இந்த ஓடை நம்ம ஆயுசு, நிக்காம போயிட்டே இருக்கு. மேல பாருங்க, வெளிச்சம். அது ஆண்டவரோட கிருபை. எங்க விழணும்னு அவருக்குத்தான் தெரியும்."

கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். படத்தோடு ஒரு பிரசங்கமும் இனாமாகக் கிடைத்த திருப்தியில் கிளம்புவார்கள். ஊரில் எல்லா ஓவியர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். அத்தான் கொஞ்சம் நன்றாகச் சொல்வார், அவ்வளவுதான்.

ஓவர்வீன் போகும் சாலையில் க்ரெலிஸ் நடத்துகிற மதுக்கடைச் சுவரில் அவர் படம் ஒன்று மாட்டியிருந்தது. மணல்மேட்டில் நின்று பார்த்தால் தெரிகிற காட்சி. முன்னால் ஒரு பட்ட மரம், அதற்குப் பின்னால் தெயுனிஸ் என்பவருடைய காற்றாலை. ஆலை முழுவதும் மேக நிழலில் இருக்கும். வெயில் தள்ளிப்போய் ஓட்ஸ் வயலில் விழுந்திருக்கும். தெயுனிஸே அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு, "என் ஆலையைப் பாருங்கடா, எவ்வளவு கம்பீரம்!" என்று பெருமை பேசுவார்.

கொள்ளைநோய் அந்தக் கோடையில் முதலில் ஆம்ஸ்டர்டாம் பக்கம் என்றார்கள். பிறகு கால்வாய் வழியாக வந்துவிட்டது என்றார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் வாசலில் வைக்கோல் கட்டுத் தொங்கியது தெயுனிஸ் வீட்டில்தான். வைக்கோல் தொங்கினால் அந்த வீட்டுக்குள் யாரும் போகக்கூடாது, உள்ளே இருப்பவர்கள் வெளியே வரக்கூடாது. தெயுனிஸ், அவர் மனைவி, மூத்த மகள் என்று வரிசையாகப் போனார்கள். ஆலையின் இறக்கைகளைச் சிலுவைபோல நிறுத்திக் கட்டிவைத்துவிட்டார்கள்.

சில நாட்கள் கழித்து நானும் அத்தானும் க்ரெலிஸ் கடைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. படம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. வெறும் ஓக் பலகையின் முதுகு எங்களைப் பார்த்தது.

"என்ன க்ரெலிஸ், என் படம் என்ன தப்பு பண்ணிச்சு?" என்று அத்தான் சிரித்துக்கொண்டே கேட்டார்.

க்ரெலிஸ் சிரிக்கவில்லை. குவளையைத் துடைத்தபடியே சொன்னார்: "நீங்கதானே இதே இடத்துல நின்னு சொன்னீங்க, வெளிச்சம்னா கிருபைன்னு. அப்போ நிழல்னா என்ன?"

நான் நடுவே புகுந்து, "நிழல்னா மேகம், க்ரெலிஸ். உனக்கு மேகம் தெரியாதா?" என்றேன். மூலையில் ஒருவர், "மேகம் தெரியும். எதுக்கு அந்த ஆலை மேல நின்னுச்சுன்னுதான் தெரியல" என்றார். நாங்கள் குடிக்காமலே திரும்பினோம். வீட்டு வாசலுக்கு வந்ததும் அத்தான் கேட்டார்: "மாப்ளே, அன்னிக்கு வெயில் நிஜமாவே ஓட்ஸ் வயல்லதான் இருந்துச்சா? இல்ல நானா தள்ளி வச்சேனா? எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது."

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். படம் வாங்க இல்லை. பாலாடைக்கட்டி விற்கிற ஒரு பெண் கூடையை இறக்கி வைத்து, "எங்க தெரு எப்பவாச்சும் உங்க படத்துல வந்தா, பார்த்துப் போடுங்க, புண்ணியமாப் போகும்" என்றாள். இன்னொரு நாள் படகோட்டி ஒருவன் வந்து, "என் வீட்டை வரைஞ்சே, கையை ஒடிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அக்கா அவனைத் துடைப்பத்தோடு தெருமுனை வரை துரத்தினாள்.

"பைத்தியக்கார ஜனங்க" என்றாள் மூச்சிரைக்க. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. முதல் இரண்டும் தங்கவில்லை. இது தங்கும் என்று அவள் உறுதியாக இருந்தாள். அத்தான் எதிலுமே உறுதியாக இல்லை.

அவர் வேலை செய்யும் அறைக்கு நான் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். படங்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. ஒரு கூரையின் மேல் கருமை வைப்பார். சற்று நேரம் அதையே பார்ப்பார். "இது யாரு வீடு?" என்பார். யார் வீடும் இல்லை, சும்மா வைத்த கூரை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் துணியை எடுத்துத் துடைத்துவிடுவார். நிழல் போனதும் வெளிச்சமும் போய்விட்டது. வானம் முழுக்க ஒரே வெள்ளை, தரை முழுக்க ஒரே பச்சை. உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. அதுதான் அவரை இன்னும் வாட்டியது.

இந்த நிலையில்தான் வெண்டெலா வந்தாள். மணல்மேட்டுக்குக் கீழே இருந்த பெரிய வெளுப்புக் களம் அவளுடையதும் அவள் கணவர் கைஸ்பெர்ட்டுடையதும். லினன் துணிகளை மோரில் ஊறவைத்து, கால்வாய்த் தண்ணீரில் அலசி, புல்லின் மேல் நீளநீளமாக விரித்து வெயிலில் வெளுக்கிற தொழில். அவள் நடந்து வந்தாலே மோர் வாசனை வரும். நேராகப் பேசுகிறவள்.

"வைபிராண்ட், எங்க களத்தை வரைஞ்சு தரணும். களம், வீடு, தூரத்துல ஊரு, பெரிய ஆலயம், எல்லாம் வரணும். வெளிச்சம் எங்க களத்து மேலயும் வீட்டு மேலயும்தான் விழணும். ஒரு பொட்டு நிழல் இருக்கக்கூடாது."

"அம்மா, ஜனங்க பேசுறதை நம்புறீங்களா?"

"நம்பல. ஆனா நம்பாம இருக்கவும் பயமா இருக்கு. உங்களுக்கு?"

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு, "எனக்கும் அப்படித்தான்" என்றார்.

ஒப்புக்கொண்டார். நானும் அவரும் மணல்மேட்டில் ஏறி உட்கார்ந்தோம். அன்று நல்ல காற்று. மேக நிழல்கள் களத்தைக் கடந்து, சாலையைக் கடந்து, ஊரின் மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தன. அத்தான் முழங்காலில் காகிதத்தை வைத்துக்கொண்டு கரித்துண்டைப் பிடித்தபடி இருந்தாரே தவிர ஒரு கோடும் இழுக்கவில்லை.

"வெயில் கைஸ்பெர்ட் களத்துல விழணும்னா, அதுக்குப் பின்னாடி இருட்டு வேணும். இல்லைன்னா துணி வெள்ளையாவே தெரியாது" என்றார். "பின்னாடி என்ன இருக்கு, பாரு. அது ஆரி வீடு. நாலு குழந்தைங்க. அதுக்கு அந்தப் பக்கம் அனாதை இல்லத்துத் தோட்டம். அதுக்கும் அந்தப் பக்கம் ஊரு வாசல். அங்க எத்தனை கூரைன்னு பாரு. எது மேல வைக்கிறது, சொல்லு."

"காலியா இருக்கிற வயல் மேல வைங்க."

"இந்த நாட்டுல காலியா எங்கடா இருக்கு?"

ஒரு நிழல் ஆரி வீட்டின் மேல் வந்து நின்றது. அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அது நகர்ந்த பிறகுதான் மூச்சை விட்டார். வேர்த்திருந்தது. இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் முதன்முதலில் பயம் வந்தது.

படம் முடிந்தது என்று சொல்லி அனுப்பியபோது அக்காவும் என்னோடு வந்து பார்த்தாள். பழைய அத்தான் திரும்பி வந்திருந்தார். மேகம் கிழிந்து, களத்தில் வெயில் கொட்டியிருந்தது. விரித்த துணிகள் கண்ணைக் கூசவைத்தன. துணி விரிக்கிற ஆட்கள் சின்னச் சின்னப் பொட்டுகளாகக் குனிந்திருந்தார்கள். ஆரி வீட்டின் மேல் வெயில் மெல்லப் படர்ந்திருந்தது, தோட்டத்தின் மேலும்தான். ஊர் வாசலுக்கு வெளியே சாலையோரம் மட்டும் கன்னங்கரேலென்று ஒரு நிழல் விழுந்திருந்தது. அதன் நடுவில் ஒரு சிறிய கூரை.

அக்கா குனிந்து பார்த்தாள். கூரையில் புகைபோக்கி இடது பக்கம் சாய்ந்திருந்தது. அவள் தினமும் திட்டுகிற புகைபோக்கி.

"இது நம்ம வீடு" என்றாள்.

அத்தான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"இது நம்ம வீடுங்க!"

"வேற யாரு வீட்டு மேல வைக்கச் சொல்றே?"

"ஊரான் வீட்டு மேல வைக்க மனசு வரல. சொந்த வீட்டு மேல வைக்க மட்டும் வந்துச்சா? நான் இருக்கேனே இதுக்குள்ள! இது இருக்கே!" என்று வயிற்றில் கை வைத்தாள்.

"நீதானே சொன்னே, பைத்தியக்கார ஜனங்கன்னு. அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னா, இதுவும் ஒண்ணுமில்லதானே?"

"நான் நம்பல. நீங்க நம்புறீங்களே! நம்பிக்கிட்டே கொண்டுவந்து வச்சிருக்கீங்களே!"

அக்கா அன்றைக்குச் சமைக்கவில்லை. நான் என் வீட்டிலிருந்து ரொட்டியும் உப்பு ஹெர்ரிங் மீனும் கொண்டுவந்து வைத்தேன். இருவரும் மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து தின்றார்கள்.

படத்துக்குச் சட்டம் போட்டு நானே களத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைஸ்பெர்ட் பெரிய உருவம், கைகள் மோரில் ஊறி வெளிறிப்போயிருக்கும். தூரத்தில் நின்று பார்த்தார், பக்கத்தில் வந்து பார்த்தார். "என் களம் இவ்வளவு அழகா?" என்று மனைவியைக் கேட்டார். அவள் அவர் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

அதன் பிறகு அக்கா வீட்டில் காத்திருப்புத் தொடங்கியது. எதற்குக் காத்திருக்கிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா இருமினால் அத்தான் எழுந்து நிற்பார். தும்மினால் ஜன்னலைத் திறப்பார், பிறகு மூடுவார். கழுத்தில் கொள்ளைநோய்க் கட்டி இருக்கிறதா என்று பார்க்கத் தலைமுடியை ஒதுக்குவது போல அவள் கழுத்தைத் தொடுவார். அவளுக்குப் புரியும். "கையை எடுங்க. ஒண்ணும் இல்ல" என்பாள். ஆனால் அவர் வெளியே போனதும் தானே தொட்டுப் பார்த்துக்கொள்வாள். நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் நான் போனபோது அக்கா படுக்கையில் இருந்தாள். பல் கிட்டி உடம்பு தூக்கிப் போட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் குளிர் அடங்கவில்லை. அத்தான் சுவரோடு சுவராக நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாப்ளே, நீ இவ கூட இரு. நான் களத்துக்குப் போறேன்."

"இப்போ எதுக்குக் களத்துக்கு?"

"அந்த நிழலை எடுக்கணும். வெண்டெலாகிட்ட கெஞ்சிக் கேக்கறேன். அரை நாள் வேலை. வேற எங்கயாவது தள்ளி வச்சிடறேன். எங்கேயாவது. யாரு மேலயாவது."

கடைசி வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும் அவரே திடுக்கிட்டார். ஆனால் நிற்கவில்லை. வண்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். அக்கம்பக்கத்து அம்மா ஒருத்தியை அக்காவிடம் உட்காரவைத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன். தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

களத்து வாசலுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டதைப் பார்த்தேன். பெட்டி காலடியில் கிடந்தது. வீட்டு வாசலில் வைக்கோல் கட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவின் மேல் பாதி திறந்திருந்தது. உள்ளே வெண்டெலா நின்றாள். கறுப்புத் துணி போட்டிருந்தாள்.

"பக்கத்துல வராதீங்க" என்றாள். "அவரு போயிட்டாரு. நேத்து எடுத்துட்டுப் போனாங்க."

அத்தான் தொப்பியைக் கழற்றினார்.

"நாந்தான் பண்ணினேன்" என்றாள் அவள். அழவில்லை. குரல் தேய்ந்துபோயிருந்தது. "வெளிச்சம் கேட்டு வாங்கினேன். ஊரெல்லாம் மங்கலா இருக்க, எங்க வீட்டை மட்டும் பளிச்சுன்னு காட்டிக்கொடுத்துட்டேன். மேலேருந்து பார்த்தா முதல்ல எது கண்ணுல படும்? சொல்லுங்க. நிழல்ல இருந்திருந்தா ஒளிஞ்சிருந்திருப்போம். எங்களைத் தாண்டிப் போயிருக்கும்."

"அம்மா..."

"இந்த வைக்கோல் இறங்கினதும் வாங்க. வந்து எங்க வீட்டு மேல மேகம் போடுங்க. எனக்கு ஒரு மக மிச்சம் இருக்கா. அவளை மறைச்சு வைக்கணும்."

தன் வீட்டு நிழலை எடுக்க அனுமதி கேட்கப் போன மனிதரிடம், அந்த நிழலைக் கொண்டுவந்து என் மேல் போடு என்று அவள் கேட்கிறாள். சரி என்று சொன்னால் போதும். ஒரே வேலையில் இரண்டும் முடியும். அத்தான் முகம் போன போக்கைப் பார்த்தேன். அவருக்கு ஆறுதல் வந்தது போலவும், வந்த ஆறுதலே அவரைக் கடித்தது போலவும் இருந்தது. "வர்றேன்மா" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் சாலையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்கு வெளிச்சம் பயம், க்ரெலிஸுக்கு நிழல் பயம். எதை வச்சாலும் யாராவது சாகிறாங்க. நான் வைக்கலைன்னாலும் சாகிறாங்க" என்றார். பிறகு, "எழுந்திரு, அவ தனியா இருக்கா" என்று என்னை எழுப்புவது போலச் சொன்னார். உட்கார்ந்திருந்தது அவர்தான்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வேர்வையில் நனைந்து, எழுந்து உட்கார்ந்து, "எங்க போனீங்க ரெண்டு பேரும்? வந்த அம்மாவும் எழுந்து போயிட்டாங்க, தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்ல" என்று எரிந்து விழுந்தாள். வந்தது சதுப்பு நில ஜுரம்தான். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் வருவதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிரவைத்துவிட்டுப் போகும். கழுத்தில் கட்டி இல்லை, அக்குளில் இல்லை. அத்தான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். அவள் பயந்துபோய், "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இலைகள் பழுக்கும் காலத்தில் களத்து வாசலிலிருந்து வைக்கோலை இறக்கினார்கள். அத்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போனார். சட்டத்தைக் கழற்ற நானும் போனேன். படம் அன்றைக்கு நான் மாட்டிக் கொடுத்த சுவரில், அதே ஆணியில் இருந்தது. அதை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு அவர் ஈயவெள்ளை, கறுப்பு வண்ணங்களைக் குழைத்தார். வெண்டெலா பின்னால் கைகட்டி நின்றாள். மகள் அடுக்களையில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் வானத்தில் கிழிசலின் ஒரு பாதியை மூடினார். பிறகு வீட்டின் கூரை மங்கியது, சுவர் மங்கியது. துணி விரித்த புல்லுக்குத் தூரிகை இறங்கியபோது வெண்டெலா, "இருங்க" என்றாள்.

பக்கத்தில் வந்து குனிந்தாள். "இந்த ஆளுங்கள்ல யாரு அவரு?"

அத்தான் தயங்கினார். "யாரையும் நினைச்சு வைக்கலைம்மா. சும்மா பொட்டு. தூரத்துல ஆளுங்க மாதிரி தெரியணும்னு வச்சது."

பழைய அத்தானாக இருந்தால் ஒரு அர்த்தம் சொல்லியிருப்பார். வெண்டெலாவும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பொட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெளுத்த துணியின் ஓரத்தில் குனிந்திருந்த ஒன்றின் மேல் விரல் நின்றது.

"இதுதான். முதுகைப் பாருங்க. குனிஞ்சா இப்படித்தான் இருப்பாரு, நிமிரவே மாட்டாரு. இவரு மேல மேகம் வேண்டாம். வீட்டை மட்டும் மறைங்க. இவரு வெயில்லயே இருக்கட்டும்."

அத்தான் அப்படியே செய்தார். வெளிச்சம் சுருங்கி, துணிகளின் மேலும் அந்தப் பொட்டின் மேலும் மட்டும் நின்றது. பிறகு தூரத்தில் தள்ளி நின்று படத்தைப் பார்த்தார். முன்பக்கம் இருண்டுவிட்டதால் பின்பக்கச் சாலையில் இருந்த கறுப்பு இப்போது படத்தைக் கீழே இழுத்தது. அங்கே கொஞ்சம் வெயில் வேண்டும். எந்த ஓவியனும் அதைத்தான் செய்வான். தனக்காகச் செய்கிறோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருமுறை தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன?" என்றாள் வெண்டெலா.

"அது எங்க வீடு" என்றார்.

அவள் அந்தச் சின்னக் கூரையை ரொம்ப நேரம் பார்த்தாள். அதுவரை அவளுக்கு அது தெரியாது. "போடுங்க" என்றாள் கடைசியில். "யாராவது ஒருத்தராவது பயப்படாம தூங்கட்டும்."

போட்டார். சாய்ந்த புகைபோக்கியின் மேல் மஞ்சளாக ஒரு கீற்று.

அந்தக் குளிர்காலத்தில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஃபென்னா என்று பெயர் வைத்தார்கள். தங்கியது. வெண்டெலா களத்தைத் தானே நடத்தினாள். மகளைப் பிறகு எங்கள் தெருவிலேயே ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தாள். அத்தான் தொடர்ந்து வரைந்தார். மரங்கள், தண்ணீர், மணல்மேடுகள். ஆள் குடியிருக்கிற கூரையை மட்டும் அவர் அதற்குப் பிறகு வரைந்ததில்லை. யாராவது வற்புறுத்திக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்.

பயம் அவரை முழுசாக விட்டது என்று சொல்ல மாட்டேன். ஃபென்னா நடக்கத் தொடங்கிய பிறகு நானும் அத்தானும் அவளும் மணல்மேட்டுக்குப் போவோம். குழந்தை முன்னால் ஓடும். கடல் பக்கத்திலிருந்து மேக நிழல் புல்லின் மேல் ஓடி வருவதை அத்தான் பார்த்துவிட்டால் பேச்சை அப்படியே நிறுத்துவார். வேகமாகப் போய் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். நிழல் எங்கள் மூன்று பேர் மேலும் ஏறிக் கடந்து போகும். அவள் கால்களை உதைத்து இறக்கிவிடச் சொல்வாள். வெயில் திரும்பி வந்த பிறகுதான் இறக்கிவிடுவார்.